ஊரில் அரைத் திருப்பலில் பிடிக்கும் வான் நுவரெலியாவில் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தை மாதம் வீட்டு வானில், பழைய டொல்பின் ஹயஸ் டீசலில், குடும்பத்தோடு நுவரெலியா போய் இரண்டு இரவு தங்கியிருக்கிறீர்கள். இரண்டு நாளும் காலை 6 மணிக்கு வான் ஸ்டார்ட் ஆகவில்லை. முதல் நாள் சரிவில் தள்ளித்தான் எடுத்தீர்கள். இரண்டாம் நாள் வெயில் ஏறி 9 மணிக்குப் பிறகு தானாகவே பிடித்தது. ஊருக்கு வந்ததும் பழையபடி அரைத் திருப்பலில் பிடிக்கிறது. ஒரு கராஜில் பற்றரி நல்லது என்கிறார்கள், இன்னொன்றில் ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள், டொரன்டோவில் இருக்கும் மச்சான் எஞ்சினுக்கு ஹீட்டர் பூட்டச் சொல்கிறார். குளிருக்கு எதை மாத்த வேணும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு: ஊரில் எந்தக் குறையும் காட்டாத வாகனத்தில் குறை இருக்கிறதா, இருந்தால் எங்கே? அதற்குப் பதில் கிடைத்தால் எதை மாற்றுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. நுவரெலியாக் குளிர் ஒரு நல்ல டீசல் எஞ்சினை நிறுத்தி வைக்கும் குளிர் அல்ல. தை, மாசியில் அங்கே சில நாட்களில் அதிகாலை வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே இறங்கும், புல்வெளியில் துகள் உறைபனியும் விழும். ஆனாலும் அங்கேயே இருக்கும் லொறிகளும் மரக்கறி ஏற்றும் வான்களும் எந்த விசேட உபகரணமும் இல்லாமல் தினமும் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகின்றன. மச்சான் சொல்லும் ஹீட்டர் உண்மையான பொருள்தான். கனடாவில் மைனஸ் 20, மைனஸ் 30 பாகையில் எஞ்சின் ஒயில் களிபோல் ஆகிவிடும் என்பதால், 400 முதல் 1000 வற்றுள்ள ஒரு சூடாக்கியை எஞ்சினிலேயே பூட்டி, புறப்படுவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பு வீட்டு மின்சாரத்தில் செருகுவார்கள். வருடத்தில் இரண்டு இரவு நுவரெலியாவில் தங்கும் வானுக்கு அது தேவையே இல்லை. அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

ஆகவே உங்கள் வானில் ஏற்கெனவே ஏதோ ஒன்று நலிந்திருக்கிறது. அது நலிந்தது மட்டக்களப்பு வெக்கையிலும் உப்புக்காற்றிலும். வெளிப்பட்ட இடம்தான் நுவரெலியா. இதை விளங்கிக்கொள்ள, டீசல் எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டீசலுக்குத் தீப்பொறி இல்லை. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் எண்ணெய் பற்றுகிறது. உங்கள் வானில் இருப்பது 3எல் என்று பெயர்கொண்ட 2.8 லீற்றர் எஞ்சின் என்றால், அதன் அழுத்த விகிதம் ஏறத்தாழ 22க்கு 1. உள்ளே இழுக்கும் காற்று 28 பாகையில் இருப்பதற்குப் பதிலாக 4 பாகையில் இருந்தால், அழுத்தி முடிந்த நேரத்துச் சூடு வெறும் 24 பாகை குறைவதில்லை. விகிதப்படி பெருகி 50 முதல் 60 பாகை வரை குறைகிறது. இதற்கு மேல், 1868 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அந்தக் கொஞ்சச் சூடும் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் போய்விடும், காற்றும் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்துவிடும். வேகமாகச் சுற்றுவது டீசலுக்கு அவ்வளவு முக்கியம். ஊரில் 28 பாகையில் ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனமாகச் சுற்றினாலும் எஞ்சின் பிடித்துவிடுகிறது. அதனால் சோம்பலாகச் சுற்றுகிறது என்பதே உங்கள் காதுக்குப் பழகிப்போயிருக்கும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விடயம்தான் இங்கே திறவுகோல்: திறப்பைத் திருப்பியபோது எஞ்சின் எப்படிச் சுற்றியது? இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றியதா, அல்லது நன்றாகச் சுற்றியும் பற்றாமல் இருந்ததா? நன்றாகச் சுற்றியது என்றால், சைலன்சரில் வெள்ளைப் புகை வந்ததா, புகையே வரவில்லையா? மெதுவாகச் சுற்றினால் பற்றரி, வயர், ஸ்டார்ட்டர். நன்றாகச் சுற்றி வெள்ளைப் புகை தள்ளினால் எண்ணெய் சிலிண்டருக்குப் போகிறது, ஆனால் பற்றவில்லை, ஆகவே ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினுக்குள் எண்ணெய் பற்றும் இடத்தைச் சூடாக்கும் பிளக். நன்றாகச் சுற்றி, புகை துளியும் இல்லையென்றால் எண்ணெயே போகவில்லை. கருவி எதுவும் இல்லாமல், காதும் கண்ணும் வைத்தே கோளாறை மூன்றில் ஒன்றாகக் குறுக்கிவிடலாம்.

நீங்கள் எழுதியதிலேயே சில தடயங்கள் இருக்கின்றன. தள்ளியபோது பிடித்தது என்றால், எண்ணெய் வந்துகொண்டிருந்தது, அழுத்தமும் போதுமானதாக இருந்தது. சரிவில் உருளும்போது எஞ்சின் ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். அந்த வேகமே சூட்டைக் கொடுத்திருக்கிறது. இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் எதையும் தொடாமலே பிடித்தது என்பதும் எண்ணெய்ப் பக்கத்துக் கோளாறைப் பின்னுக்குத் தள்ளுகிறது, ஏனென்றால் குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் வெயில் அதை எடுத்துவிடாது. இன்னொன்று: செங்கலடியிலிருந்து பதுளை வழியாக ஏ5 வீதியில் ஐந்தாறு மணி நேரம் ஓடிப் போயிருக்கிறீர்கள். ஒல்டர்நேட்டர் வேலை செய்தால் பற்றரி அன்று மாலை நிறையச் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தும் காலையில் முடியவில்லை என்றால், சார்ஜ் குறைவு அல்ல, கொள்ளளவே குறைந்திருக்கிறது. இது ஊகம்தான், வானைத் தொட்டுப் பார்க்காமல் சொல்வது. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் முதலில் பற்றரியும் அதன் எதிர்முனையை வானின் உடலோடு இணைக்கும் எர்த் வயரும், இரண்டாவது ஹீட்டர் பிளக் என்றுதான் கட்டுவேன்.

பற்றரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் பலருக்குத் தவறான நம்பிக்கை. குளிர் பற்றரியைக் கொல்கிறது என்று நினைக்கிறோம். கொல்வது வெக்கை. பொனற்றுக்குக் கீழே, மத்தியான வெயிலில், ஈயத் தட்டுகள் அரிக்கப்படும் வேகம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தண்ணீரும் ஆவியாகிக் குறைகிறது. கரையோர ஊர்களில் ஒரு பற்றரி இரண்டு, மூன்று வருடத்தில் நலிவது அதனால்தான். குளிர் செய்வது வேறு: உள்ளே நடக்கும் இரசாயன வேலையை மெதுவாக்குகிறது. 25 பாகையில் 100 பங்கு கொடுக்கும் பற்றரி 0 பாகையில் சுமார் 80 பங்குதான் கொடுக்கும். மைனஸ் 18இல் பாதியளவுதான். புதுப் பற்றரிக்கு 80 பங்கு தாராளம். ஏற்கெனவே வெக்கையில் பாதியாகிப்போன பற்றரிக்கு அந்த 20 பங்கு போவதுதான் கடைசி அடி. அதே நேரம் எஞ்சின் ஒயில் தடித்து, ஸ்டார்ட்டர் கேட்கும் மின்னோட்டமும் கூடுகிறது. கொடுப்பவன் தளர்ந்த நேரத்தில் கேட்பவன் அதிகம் கேட்கிறான்.

பற்றரி நல்லது என்று கராஜில் சொன்னது, பெரும்பாலும் மீட்டரை வைத்து 12.5 வோல்ட் காட்டுகிறது என்று பார்த்திருப்பார்கள். அது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும்: 12.6க்கு மேல் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். இழுக்கும் பலத்தைச் சொல்லாது. சின்னப் போத்தலும் நிரம்பியிருந்தால் நிரம்பியதாகத்தான் தெரியும். பலத்தை அறிய, ஒருவர் திறப்பைத் திருப்பி எஞ்சினைச் சுற்றும்போது இன்னொருவர் பற்றரியின் இரண்டு முனையிலும் மீட்டரைப் பிடிக்க வேண்டும். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க, எண்ணெய்ப் பம்பின் மேலுள்ள, எண்ணெயை நிறுத்தும் கட்-ஓஃப் சொலனொயிட்டின் ஒற்றை வயரைக் கழற்றி, உலோகத்தில் முட்டாமல் துணியைச் சுற்றி வைத்துவிட்டு, 10 முதல் 15 விநாடி சுற்றுங்கள். ஊர் வெப்பநிலையில் கடைசி விநாடிவரை 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நுவரெலியாக் குளிரில் 9.3 வரை பொறுக்கலாம். ஊரிலேயே 9க்குப் போனால் பற்றரி முடிந்தது. இதை முதல் நாள் இரவு முழுக்க நின்ற வானில், காலையில் செய்யுங்கள். ஓடி வந்து நிறுத்தியவுடன் பார்த்தால் எந்தப் பற்றரியும் நல்லதாகத்தான் தெரியும்.

மூடி கழற்றக்கூடிய பற்றரி என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழுச் சார்ஜில் ஒவ்வொரு அறையும் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். ஐந்து அறை 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.200 காட்டினால் அந்த ஒரு அறைதான் கோளாறு. சார்ஜ் ஏற்றித் திருத்த முடியாது. அமில மட்டம் தட்டுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள். நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் இரும்பும் இருக்கிறது. அவசரத்துக்கு ஒருமுறை விட்டாலும் அது தட்டுகளில் தங்கி வேலையைக் காட்டும்.

பற்றரியின் அளவையும் பாருங்கள், உங்கள் வானில் இருப்பது 55டி23எல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கண்ணில் குத்துகிறது. ஜப்பானியக் குறியீட்டில் முதல் எண் பலத்தின் தரம், எழுத்து குறுக்களவு, அடுத்த எண் நீளம் சென்ரிமீற்றரில், கடைசி எழுத்து நேர்முனை எந்தப் பக்கம் என்பது. 55டி23 ஒரு பெற்றோல் காருக்கு ஏற்றது. 2.8 லீற்றர் டீசலுக்கு 80டி26 அல்லது 95டி31 வகுப்புப் பற்றரிதான் பொருத்தம். வான் கையேட்டிலும் பற்றரித் தட்டின் நீளத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றரியின் குளிர் ஸ்டார்ட் மின்னோட்டம் என்று எழுதியிருக்கும் எண், மைனஸ் 18 பாகையில் 30 விநாடிக்கு 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் எவ்வளவு அம்பியர் கொடுக்கும் என்பது. 55டி23இல் அது 350, 400 அளவில் இருக்கும், 95டி31இல் 600 அளவில். நம் வெக்கையில் சின்னப் பற்றரியும் வானை எழுப்பிவிடும், விலையும் குறைவு, அதனால் மாற்றுபவர்கள் அதைப் பூட்டிவிடுகிறார்கள். ஊரோடு இருந்தால் பல வருடம் தெரியவே தெரியாது.

ஆனால் பற்றரியை வாங்க ஓடுவதற்கு முன் வயர்களைப் பார்க்காவிட்டால் புதுப் பற்றரியும் இதே கதையைத்தான் சொல்லும். குளிர்ந்த டீசலைச் சுற்ற ஸ்டார்ட்டர் 300 அம்பியர் வரை இழுக்கும். அந்த ஓட்டத்தில் 0.005 ஓம் தடை, ஒரு சாதாரண மீட்டரால் அளக்கவே முடியாத தடை, 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு இந்தத் தடை வருவது சுலபம். பற்றரியின் எதிர்முனைக் கிளாம்பைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையும் கலந்த தூள் பூத்திருக்கும். அதைத் துடைத்தால் போதாது. கிளாம்பைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தால் ஈயம் பளபளப்பாக இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்புப் படலம் இருக்கும். எர்த் வயரைக் கையால் வளைத்துப் பாருங்கள். முனைக்கு அருகே மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் இறப்பருக்கு உள்ளே செம்புக் கம்பி கறுத்து உளுத்துப்போயிருக்கிறது. அது பார்வைக்கு நல்ல வயர்போலவே இருக்கும்.

இதை அளக்க ஒரு நல்ல வழி உண்டு. மீட்டரை 2 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு முள்ளைப் பற்றரியின் எதிர்முனைக் குமிழிலேயே, கிளாம்பில் அல்ல, ஈயக் குமிழில் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு முள்ளை எஞ்சின் உடலில், பெயின்ற் இல்லாத சுத்தமான இடத்தில் பிடியுங்கள். எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 0.5க்கு மேல் போனால் கோளாறு அங்கே. கிளாம்பிலிருந்து சசிக்கு, சசியிலிருந்து எஞ்சினுக்கு என்று முள்ளை நகர்த்திக்கொண்டு போனால் எந்த இணைப்பில் வோல்ட் குதிக்கிறதோ அதுதான் கள்ளன். நேர்ப்பக்கத்திலும் இதேபோல, மீட்டரை 20 வோல்ட் அளவுக்கு மாற்றி, பற்றரி நேர்க்குமிழிலிருந்து, பற்றரி வயர் வந்து சேரும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட் வரை அளவுங்கள். எஞ்சின் சுற்றும்போது காட்டும் எண்ணை மட்டும் பாருங்கள். 0.5 வரை பொறுக்கலாம். துப்புரவாக்க, ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கும். அறை மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலால் வஸ்லின் பூசுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில், பூட்டும்போது எதிர்முனை கடைசியில்.

ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னவர் தவறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அவர் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லியிருக்கிறார். பற்றரியில் வோல்ட் 10.5க்கு மேல் நிற்கிறது, வயர்களில் இழப்பு இல்லை, ஆனாலும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால்தான் ஸ்டார்ட்டருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். புதுப் பற்றரியையும் பலமாகக் கீழே இழுத்துவிடுகிறது என்றால் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து உள்ளே உரசுகிறது. இரண்டும் கழற்றிச் சீர்படுத்தக்கூடியவை.

மெதுவாகச் சுற்றவில்லை, நன்றாகச் சுற்றி வெள்ளைப் புகைதான் வந்தது என்றால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். இந்த எஞ்சினில் எண்ணெய் நேராகச் சிலிண்டருக்குள் விழுவதில்லை, பக்கத்திலுள்ள சின்ன அறையில் விழுகிறது. அந்த அறையின் சுவர் சூட்டைக் குடித்துவிடுவதால் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் பற்றுவது கடினம். நாலு பிளக்கில் இரண்டு செத்திருந்தாலும் ஊரில் மீதி இரண்டு சிலிண்டர் பற்றி எஞ்சினை இழுத்துக்கொண்டு போய்விடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஊரிலேயே காலையில் முதல் தடவை பிடித்ததும் சில விநாடி வெள்ளைப் புகையோடு எஞ்சின் மூன்று காலில் ஓடுவதுபோல் குலுங்கி, பிறகு அடங்கினால் குறைந்தது ஒரு பிளக் இல்லை. சோதிக்க, நாலு பிளக்கின் தலையையும் இணைக்கும் தகட்டைச் சின்ன நட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே ஓம் அளவுங்கள். குளிர்ந்த நிலையில் ஒரு ஓம் அளவில், கூடவோ குறையவோ, காட்ட வேண்டும். எண்ணே காட்டாமல் திறந்த சுற்று என்றால் செத்தது. தகட்டைக் கழற்றாமல் அளந்தால் நல்ல பிளக் செத்ததையும் மறைத்துவிடும், பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பற்றரியிலிருந்து நேராக வயர் கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சில கராஜ்களில் உண்டு. எல்லாப் பிளக்கும் 12 வோல்ட்டுக்குச் செய்தவை அல்ல. 6 வோல்ட் வகைக்கு அப்படிக் கொடுத்தால் நல்ல பிளக்கையே எரித்துவிடுவீர்கள். நாலும் நல்லது என்றால் ரிலேயையும் பெரிய பியூஸையும் பாருங்கள்: திறப்பை ஓனில் வைத்ததும் அந்தத் தகட்டுக்கு வோல்ட் வருகிறதா என்பதுதான் கேள்வி. பிளக்கைக் கழற்றுவதானால் எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள், குளிரில் பிடுங்கினால் முறிந்து ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும்.

எண்ணெய்ப் பக்கத்தை உங்கள் விடயத்தில் மூன்றாவதாக வைத்தேன். ஆனாலும் நம் பக்கத்து வாகனங்களுக்கே உரிய ஒரு கோளாறு அதில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நிலம் தட்டை. வாகனம் எப்போதும் மட்டமாகவே நிற்கும். நுவரெலியா விடுதி முற்றத்தில் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே என்று ஓர் இரவு நிறுத்தினால், டீசல் பில்டர் தலையிலோ பழைய இறப்பர்க் குழாயிலோ மயிரளவு காற்றுக் கசிவு இருந்தாலும் எண்ணெய் முழுக்கப் பின்னாலுள்ள டாங்கிக்கு வடிந்துவிடும். காலையில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், புகை இருக்காது, பற்றாது. பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை இருபது, முப்பது தடவை அமுக்குங்கள். மெத்தென்று இருந்தது கல்லாக இறுகினால் எண்ணெய் வந்துவிட்டது, இனி ஸ்டார்ட் ஆகும். அப்படிப் பிடித்தால் ஊருக்கு வந்ததும் குழாய்களையும் வளையங்களையும் மாற்றுங்கள். டீசலில் மெழுகு உறைவது இதிலிருந்து வேறுபட்டது: ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடம் ஓடி, பிறகு மூச்சடைத்து நின்றுவிடும். கடுங்குளிர் நாடுகளில் இது பெரிய தொல்லை, அதற்காகவே அங்கே குளிர்காலத்துக்குத் தனி டீசல் விற்கிறார்கள். உங்கள் வான் நடந்துகொண்ட விதத்தில் அந்த அடையாளம் இல்லை.

எஞ்சின் ஒயிலைப் பற்றி ஒரு வரி. 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் அடுத்த முறை 15டபிள்யூ-40 ஊற்றுங்கள், நம் வெக்கைக்கும் அது போதும், குளிரில் சுற்றுவது இலகுவாகும். ஒயில் மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் இருந்தால் அது நுவரெலியாவில் உறைந்து எஞ்சினை வெடிக்கவைக்காது, ஆனால் உள்ளே துருப்பிடிக்கும். கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி என்று மாற்றுவது பசறை, எல்ல ஏற்றங்களுக்கும் நல்லது.

அடுத்த முறை மேலே போகும்போது, இதெல்லாம் செய்து முடியாவிட்டாலும், இரவில் மூக்கு கீழ்நோக்கியபடி நிறுத்துங்கள், சில்லுக்குக் கல் வையுங்கள், கியரில் விடுங்கள். காலையில் லைற், பாட்டு, காற்றாடி எல்லாம் நிறுத்தியிருக்கட்டும். திறப்பை ஓனில் வைத்து ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருங்கள், ஓஃப் பண்ணுங்கள், மறுபடி ஓன். இரண்டு, மூன்று தடவை. கிளச்சை முழுக்க மிதியுங்கள், கியர்பொக்ஸில் தடித்துக் கிடக்கும் ஒயிலைச் சுற்றும் வேலை ஸ்டார்ட்டருக்குக் குறையும். ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், பிறகு ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ஆறவிடாமல் தொடர்ந்து சுற்றித்தான் பல ஸ்டார்ட்டர்கள் எரிகின்றன. பிடித்ததும் அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, மெதுவாகப் புறப்படுங்கள்.

செய்யக்கூடாதவை சில உண்டு, இவற்றில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஈதர் ஸ்பிரேயைக் காற்றுக்குழாயில் அடிக்காதீர்கள். சிவந்த ஹீட்டர் பிளக்கில் பட்டால் பிஸ்டனே உடையலாம், உங்கள் முகமும் பக்கத்தில் இருக்கும். காற்றுக்குழாயில் எரியும் துணியைக் காட்டுவதும், ஒயில் தட்டுக்குக் கீழே நெருப்பு மூட்டுவதும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்த வாகனத்தில் செய்யும் வேலை அல்ல. குளிர்ந்த பம்பின் மேல் கொதிநீர் ஊற்றாதீர்கள், சடுதியாக விரிந்து உள்ளே இறுகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் கை தாங்கும் சூட்டில் நனைத்த துணியைப் பில்டரின் மேல் சுற்றி ஐந்து நிமிடம் விடலாம்.

ஜம்ப் கேபிள் கொடுக்க யாராவது முன்வந்தால் முதலில் அவருடைய வாகனம் 12 வோல்ட்டா என்று கேளுங்கள். மலையில் விடியற்காலையில் உதவிக்கு வருவது பெரும்பாலும் பஸ்ஸும் லொறியும். அவை 24 வோல்ட். அதைக் கொடுத்தால் உங்கள் வானின் மின்கருவிகள் போய்விடும், பற்றரியும் வெடிக்கலாம். 12 வோல்ட் வாகனம்தான் என்றால், சிவப்பைச் செத்த பற்றரியின் நேர்முனையில், மறுமுனையை நல்ல பற்றரியின் நேர்முனையில், கறுப்பை நல்ல பற்றரியின் எதிர்முனையில், கடைசியாகக் கறுப்பின் மறுமுனையை உங்கள் எஞ்சினில் பற்றரியிலிருந்து தள்ளியுள்ள வெறும் உலோகத்தில் கவ்வுங்கள். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும், பற்றரியின் மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கும். தள்ளிக் கவ்வச் சொல்வது அதற்காகத்தான். மற்ற வாகனத்தின் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு முயலுங்கள். கழற்றுவது பூட்டிய ஒழுங்குக்கு நேர்மாறு.

இதை வாசிக்கும் மற்றவர்களில் வகன்ஆர், அக்வா போன்ற பெற்றோல், ஹைபிரிட் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு ஹீட்டர் பிளக், எண்ணெய் வடிவது இரண்டும் பொருந்தாது. ஹைபிரிட்டிலும் கணினியை எழுப்புவது சின்ன 12 வோல்ட் பற்றரிதான். அது நலிந்தால் பெரிய பற்றரி நிரம்பியிருந்தும் கார் எழும்பாது. பற்றரி, எர்த் பற்றிச் சொன்னவை எல்லாருக்கும் பொதுவானவை.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது: நாளைக் காலை வான் குளிர்ந்திருக்கும்போது பற்றரி வோல்ட்டை மூன்று இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது, எஞ்சின் சுற்றும்போது, எஞ்சின் ஓடும்போது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஒல்டர்நேட்டர் நல்லது. அதோடு எர்த் இழப்பையும் அளந்து, நுவரெலியாவில் எஞ்சின் மெதுவாகச் சுற்றியதா, வேகமாகச் சுற்றியதா, சைலன்சரில் புகை வந்ததா என்பதை அன்று வானுக்குப் பின்னால் நின்று தள்ளியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த நாலு எண்ணும் ஒரு பதிலும் கையில் இருந்தால் எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையில்லை என்று இதைவிட உறுதியாகச் சொல்லிவிடலாம்.